ஆமணக்கு விதைத்த மண்

பத்தாம் வகுப்பில் பாளையக்காரர் யுத்தங்களைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தரைமட்டமாக்கிய கும்பெனியார், அந்த இடத்தை ஏர் பூட்டி உழுது ஆமணக்கு விதைத்தார்கள் என்றும், அந்த ஊரின் பெயரையே ஜில்லாவின் பதிவேடுகளிலிருந்து நீக்கிவிட்டார்கள் என்றும் சொன்னோம். வழக்கமாக இந்த இடம் வந்ததும் பிள்ளைகள் "அடேயப்பா!" என்பார்கள், மணி அடிக்கும், பாடம் முடிந்துவிடும். இந்தத் தடவை கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து நின்றாள்.

"ஜெயித்தவர்கள் அவர்கள்தானே, சார்? ஜெயித்தவர்கள் எதற்காகப் பெயரை அழிக்க வேண்டும்?"

கேள்விக்குப் பதில் தெரியாதபோது உபாத்தியாயர்கள் கையாளும் உபாயம் ஒன்று உண்டு. "நல்ல கேள்வி, அம்மா! நாளைக்குச் சொல்லுகிறேன்" என்பதே அது. நாமும் அந்த உபாயத்தைத்தான் கையாண்டோம். நாளை என்பது வாரமாயிற்று, வாரம் மாதமாயிற்று. கோடை விடுமுறை வந்ததும், இதற்கு மேல் தாங்காது என்று கருதிச் சென்னை எழும்பூரில் முத்துநகர் எக்ஸ்பிரஸ் வண்டியில் ஏறிவிட்டோம். நம்முடைய சரித்திர ஆராய்ச்சியில் வீட்டாருக்கு அவ்வளவாகச் சிரத்தை இல்லை. "மக்ரூன் வாங்காமல் மாத்திரம் திரும்பி வரவேண்டாம்" என்று சொல்லி வழியனுப்பினார்கள்.

தூத்துக்குடியில் ரயில் நிற்பதற்கு முன்பே உப்பு நம்மை வரவேற்றுவிடுகிறது. காற்றில் உப்பு, உதட்டில் உப்பு, ஊரைச் சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் உப்பளப் பாத்திகள். வெள்ளை வெளேரென்று குவித்து வைத்திருக்கும் அம்பாரங்கள் காலை வெயிலில் கண்ணைக் கூசச் செய்கின்றன. ஊருக்குள் நுழைந்தால், பனிமய மாதா கோயிலும், 1750-ல் டச்சுக்காரர் கட்டிய தேவாலயமும், பழைய பண்டகசாலைகளும், இந்தக் கரையை நாடி யார் யார் வந்தார்கள் என்பதைச் சொல்லாமல் சொல்லுகின்றன. போர்த்துகீசியர் வந்தார்கள், டச்சுக்காரர் வந்தார்கள், கடைசியாக ஆங்கிலேயர் வந்தார்கள். எல்லாரையும் இழுத்து வந்த பொருள்களில் தலையாயது கடலடியில் கிடந்த முத்து. கொற்கைப் பாண்டியர் காலம் முதற்கொண்டு உலகத்துக்கெல்லாம் முத்துக் கொடுத்த கடல் அல்லவா இது?

முத்துக்குளித்துறையைச் சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாமென்று வைத்துவிட்டு, முதலில் பாஞ்சாலங்குறிச்சிக்குப் பஸ் ஏறினோம். சுமார் 12 மைல் தூரம். உப்பளங்கள் பின்தங்கியதும் கரிசல் பூமி தொடங்குகிறது. பனைமரங்களும் சீமைக் கருவேலமும் மாறி மாறி வருகின்றன. வழியிலுள்ள ஒட்டப்பிடாரத்தில் 1872-ல் பிறந்தவர்தான் வ. உ. சிதம்பரம் பிள்ளை. 1906-ல் இதே தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியை ஸ்தாபித்தவர். பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்ட ஊருக்கு வெகு சமீபத்திலேயே அவர் பிறந்தார் என்பது யோசிக்கத்தக்க விஷயம்.

பாஞ்சாலங்குறிச்சியில் இப்போது நாம் காணும் கோட்டை 1974-ல் தமிழ்நாடு அரசாங்கம் எழுப்பிய நினைவுக் கோட்டை. பழைய கோட்டை இருந்த இடத்தில் அஸ்திவாரச் சிதைவுகள்தாம் மிஞ்சியிருக்கின்றன. ஆமணக்குச் செடி ஒன்றாவது கண்ணில் படுமா என்று சுற்றிலும் தேடினோம். கருவேலமுள் வேஷ்டியைக் கிழித்ததுதான் மிச்சம்!

அந்தச் சிதைவுகளின் நடுவே நின்று, இங்கே நடந்ததை வரிசையாக நினைத்துப் பார்த்தோம். கதை நேயர்களுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் கைதிகளை மாத்திரம் கவனித்துப் பார்த்தால் அந்தக் கதை வேறு விதமாகத் தோன்றுகிறது.

1799 செப்டம்பரில் மேஜர் பானர்மன் இந்தக் கோட்டையைத் தாக்கினார். வீரபாண்டியக் கட்டபொம்மன் வெளியேறினான். அவனுடைய காரியஸ்தர் சுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார். நாகலாபுரத்தில் அவரைத் தூக்கிலிட்டுத் தலையைக் கொண்டுவந்து இந்தப் பாஞ்சாலங்குறிச்சியில் ஈட்டி முனையில் வைத்தார்கள். கட்டபொம்மன் புதுக்கோட்டைத் தொண்டைமான் சீமையில் பிடிபட்டு ஒப்படைக்கப்பட்டான். 1799 அக்டோபர் 16-ஆம் தேதி கயத்தாற்றில், மற்றப் பாளையக்காரர்களையெல்லாம் கூட்டிவைத்து, அவர்கள் கண்ணெதிரே அவனைத் தூக்கிலிட்டார்கள். அவன் கலங்கவில்லை என்பதையும், எட்டையபுரத்தாரையும் சிவகிரியாரையும் அலட்சியமாகப் பார்த்துக்கொண்டே நடந்தான் என்பதையும், கோட்டையை விட்டு வந்ததற்காகவே வருந்தினான் என்பதையும் தூக்கிலிட உத்தரவிட்ட பானர்மனே தம் கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையும் சிவத்தையாவும் பாளையங்கோட்டைச் சிறையில் அடைபட்டார்கள். 1801 பிப்ரவரி 2-ஆம் தேதி மாலை, துரைமார் மேஜர் மெக்காலேயின் வீட்டில் விருந்துண்டு கொண்டிருந்த சமயத்தில், அவர்கள் சிறையிலிருந்து தப்பினார்கள். இடிக்கப்பட்ட கோட்டை சில நாட்களுக்குள் மறுபடியும் எழுந்து நின்றது. தூத்துக்குடியும் அவர்கள் வசமாயிற்று.

தூத்துக்குடி பிடிபட்டபோது நடந்த ஒரு சம்பவத்தைத் திருநெல்வேலிச் சரித்திரத்தை 1881-ல் வெளியிட்ட கால்டுவெல் பாதிரியார் எழுதியிருக்கிறார். பாகட் என்னும் ஆங்கிலத் துறைமுக அதிகாரி கைதியாகி, பாஞ்சாலங்குறிச்சிக்குக் கொண்டுவரப்பட்டார். அவருடைய மனைவி பின்னாலேயே வந்து, கணவனை விட்டுவிடும்படி மன்றாடினாள். அண்ணனைத் தூக்கில் இழந்து ஒன்றரை வருஷங்கூட ஆகாதவர்கள் அவளுடைய வேண்டுகோளுக்கு இணங்கி, கணவனை விடுதலை செய்து அனுப்பினார்கள். பழிக்குப் பழி வாங்கக் கையிலே ஆள் கிடைத்திருந்தான், விட்டுவிட்டார்கள். நம் பாளையக்காரர்கள் எல்லாரும் சாதுக்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. அயல் கிராமங்களைக் கொள்ளையிட்ட செய்திகளும் அதே சரித்திரத்தில் இருக்கின்றன. ஆயினும் கைதியின் மனைவிக்கு இரங்கினார்கள் என்பதும் அதே ஏட்டில்தான் இருக்கிறது, எழுதியவரும் ஐரோப்பியர்.

அவ்வருஷம் மார்ச் மாதக் கடைசியில் மெக்காலேயின் படை கோட்டையைத் தாக்கி, பலத்த சேதத்துடன் பின்வாங்கிற்று. மே 24-ஆம் தேதி கர்னல் அக்னியு பெரும்படையுடன் வந்து கோட்டையைப் பிடித்தார். அன்று ஊமைத்துரை காயம்பட்டு, பிணங்களின் நடுவே கிடந்தான். இரவிலே தன் மகனைத் தேடிக்கொண்டு வந்த ஒரு கிராமத்துத் தாயிடம், உயிர் போய்க்கொண்டிருந்த அந்த மகன், தன்னை விட்டுவிட்டு அருகில் கிடக்கும் சாமியைக் காப்பாற்றும்படி சொன்னானாம். அவள் அப்படியே ஊமைத்துரையைத் தூக்கிச் சென்றாள். துரத்தி வந்த எட்டையபுரத்துச் சேவகர்கள் நெருங்கியபோது, பெண்கள் அவன்மேல் துணியைப் போர்த்து, பையன் அம்மை கண்டு இறந்துவிட்டான் என்று ஒப்பாரி வைத்தார்கள். அம்மை என்று கேட்டதும் சேவகர்கள் ஓடிவிட்டார்கள். எதிர்ப்படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் ஆங்கிலேய உத்தியோகஸ்தர் 1830-ல் வெளியிட்ட தம் நினைவுகளில் இதைச் சொல்லி வியந்திருக்கிறார்.

ஊமைத்துரை சிவகங்கைச் சீமைக்குச் சென்று மருது சகோதரர்களிடம் அடைக்கலம் புகுந்தான். அக்டோபர் மாதம் காளையார்கோயில் விழுந்தது. 1801 அக்டோபர் 24-ல் திருப்பத்தூரில் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டார்கள். அவர்கள் வம்சத்தில் பலரும் அதே கதியை அடைந்தார்கள். நவம்பர் 16-ல் ஊமைத்துரையையும் சிவத்தையாவையும் இந்தப் பாஞ்சாலங்குறிச்சிக்கே கொண்டுவந்து கொன்றார்கள். பிறகுதான் மண்வெட்டியும் ஏரும் ஆமணக்கு விதையும் வந்தன. பதிவேட்டிலே பெயரை அடிக்கும் பேனாவும் வந்தது.

பகைவன் கோட்டையைக் கழுதை ஏர் பூட்டி உழுது, வரகும் கொள்ளும் விதைப்பது பண்டைத் தமிழ் மன்னருக்கும் வழக்கந்தான். புறநானூறு படித்தவர்கள் இதை அறிவார்கள். அதற்காகப் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்த மன்னர்கள் தாங்கள் அழித்த ஊரைப் பற்றிப் புலவரைக் கொண்டு பாடச் செய்தார்கள். ஊரே இருந்ததில்லை என்று சாதிக்கப் பார்த்தது கும்பெனியார் கண்ட புதுமை.

ஊருக்குச் சமீபத்தில் வேறொரு காட்சியும் உண்டு. அந்த யுத்தத்தில் இறந்த ஆங்கிலேயர்களின் கல்லறைகள் இங்கே இருக்கின்றன. தூர தேசத்தில் வந்து மடிந்த அவர்களையும் ஒரு தாய்தானே பெற்றிருப்பாள்? அந்தக் கல்லறைகளுக்கு முன்னால் நாம் தலைகுனிந்துதான் நின்றோம். இருந்தபோதிலும் ஓர் எண்ணம் மனத்தை விட்டு அகலவில்லை. ஒரே மண்ணில், ஒரே வருஷத்தில் விழுந்தவர்களில் ஒரு சாராருக்குக் கல். மற்றொரு சாராருக்கு ஆமணக்கு!

சாயங்காலம் தூத்துக்குடிக்குத் திரும்பி, பழைய துறைமுகக் கரையில் போய் உட்கார்ந்தோம். வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பரதவப் பெரியவர் பேச்சுக் கொடுத்தார். எண்பதைத் தாண்டியவர், வாலிபத்தில் சங்கு குளித்தவர், இந்தக் கடலில் கடைசியாக 1961-ல் நடந்த முத்துச் சலாபத்தைக் கண்ணால் கண்டவர். காலில் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்குவதையும், மூச்சடக்கிக்கொண்டு சிப்பியைப் பையில் வாரிப் போடுவதையும், கயிற்றை இழுத்ததும் தோணியில் இருப்பவர்கள் தூக்கிவிடுவதையும் கையாலேயே நடித்துக் காட்டினார்.

"கப்பல் எல்லாம் முன்னே இங்கேதான் கரைக்கு வருமா, ஐயா?" என்று கேட்டோம்.

"எங்கே அண்ணாச்சி வரும்? இது ஆழமில்லாத கடலுல்லா. கப்பல் அந்தா, நாலைஞ்சு மைலுக்கு அங்கிட்டு நிக்கும். ஆளும் சரக்கும் தோணியிலேதான் போகணும்" என்று கிழக்கே கையைக் காட்டினார்.

அவர் கை காட்டிய திசையிலேதான் 1802 பிப்ரவரியில் 'அட்மிரல் நெல்சன்' என்னும் கப்பல் நின்றது. யுத்தத்தில் பிடிபட்டுத் தூக்குக்குத் தப்பியவர்களில் 70-க்கும் மேற்பட்டவர்களை, இந்தத் துறையிலிருந்து அந்தக் கப்பலில் ஏற்றிப் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தினார்கள். சிவகங்கை அரசர் வேங்கை பெரிய உடையத் தேவரும் அவர்களில் ஒருவர். சின்ன மருதுவின் மகன் துரைசாமி இன்னொருவன். அவனுக்கு அப்போது வயது 15. நம்முடைய பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் வயது! தகப்பனைத் தூக்கிலிட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. ஆழமில்லாத இந்தக் கடலில் தோணி மெல்ல மெல்லத்தான் போயிருக்கும். கரை மறைய வெகு நேரம் ஆகியிருக்கும்.

முன்பு சொன்ன வெல்ஷ் துரை இந்தக் குடும்பத்துக்குப் பழைய சிநேகிதர். வேல் எறியவும் வளரி வீசவும் சின்ன மருதுவிடம் கற்றுக்கொண்டதாக அவரே எழுதியிருக்கிறார். 1818-ல் அவர் பினாங்குக்குப் போயிருந்தபோது தளர்ந்துபோன ஒரு மனிதன் அவரைப் பார்க்க வந்தான். யாரென்று அவருக்குத் தெரியவில்லை. "துரைசாமி" என்று அவன் பெயரைச் சொன்னதும், நெஞ்சில் கட்டாரி பாய்ந்தது போலிருந்ததாம் அவருக்கு. கணக்குப் பார்த்தால் துரைசாமிக்கு அப்போது 31 வயதுதான். உயிரைப் பறிக்காமலே ஒருவனை மறைத்துவிட முடியும் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா?

இருட்டத் தொடங்கியது. பெரியவர் வலையைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார். நமக்கு எழுந்திருக்க மனம் வரவில்லை. இந்தக் கடலுக்கு அப்பால் இருப்பது இலங்கை. அதன் கீழ்க்கரையில் தமிழர் ஊரான திருக்கோணமலை. அங்கிருந்து புறப்பட்ட வேறு சில இளைஞர்களின் நினைவு வந்தது.

1945 ஜனவரி 16-ஆம் தேதி பிரிட்டிஷ் கப்பற்படை ஒன்று விமானந்தாங்கிக் கப்பல்களுடன் திருக்கோணமலையிலிருந்து புறப்பட்டது. ஜப்பானியர் வசமிருந்த சுமத்ராவில், பாலம்பாங் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளை ஜனவரி 24-ஆம் தேதியும் 29-ஆம் தேதியும் அந்த விமானங்கள் தாக்கின. சில விமானங்கள் வீழ்ந்தன. உயிர் பிழைத்துப் பிடிபட்ட விமானிகளில் ஒன்பது பேர் சிங்கப்பூருக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். ஆகஸ்டு 15-ல் ஜப்பானியச் சக்கரவர்த்தி சரணாகதியை அறிவித்தார். யுத்தம் முடிந்துவிட்டது. அந்த மாதத்திலேயே அந்த ஒன்பது பேரையும் சாங்கிக் கடற்கரைக்கு அழைத்துச் சென்று தலையை வெட்டினார்கள். உடல்களைப் பெட்டிகளில் வைத்து, கனம் கட்டி, கடலில் ஆழ்த்தினார்கள். அவர்களை ஜப்பானுக்குக் கப்பலேற்றி அனுப்பிவிட்டதாகவும், அந்தக் கப்பல் கடலில் போய்விட்டதாகவும் ஒரு கதையும் கட்டினார்கள். விசாரணையில் அந்தக் கதை நிற்கவில்லை. சம்பந்தப்பட்ட அதிகாரிகளில் சிலர் உண்மையை வெளியிட்டுவிட்டுத் தற்கொலை செய்துகொண்டார்கள்.

அந்த ஒன்பது பேரும் நம்மை அடக்கி ஆண்ட தேசத்தின் பிள்ளைகள். அதனால் என்ன? பாகட்டின் மனைவிக்கு இரங்கிய மண்ணில் பிறந்தவர்கள் நாம். அவர்களுக்காகவும் நம் கண் கலங்கத்தான் வேண்டும்.

இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோதுதான் ஒன்று புலப்பட்டது. கயத்தாற்றிலும் திருப்பத்தூரிலும் நடந்தவை பகிரங்கமாக, ஜனங்களைப் பயமுறுத்துவதற்காக நடந்தவை. சாங்கியில் நடந்தது மறைவிலே. ஆனால் இரண்டு இடத்திலும் காரியத்தின் முறை ஒன்றே. முதலில் கைதியின் பெயரை மாற்றுகிறார்கள். எதிர்த்துப் போரிட்டவனைக் கும்பெனியார் 'கலகக்காரன்' என்றார்கள். 1942-ல் ஜப்பானியச் சேனை ஒரு விதி செய்து, தங்கள் பிரதேசத்தைத் தாக்கிப் பிடிபடும் விமானிகளை யுத்தக் கைதிகளாக நடத்தாமல் குற்றவாளிகளாகத் தண்டிக்க வழி தேடிக்கொண்டது. பெயர் மாறிவிட்டால் கைதிக்குரிய பாதுகாப்புப் போய்விடுகிறது. அப்புறம் உயிர் போகிறது. கடைசியில், நடந்ததன் சுவட்டை அழிக்கும் வேலை. அதற்கு ஒருவர் ஏரை எடுத்தார்; மற்றொருவர் பெட்டியை எடுத்தார்.

மறுநாள் கயத்தாற்றுக்குப் போனோம். மதுரை-திருநெல்வேலிச் சாலையிலே, கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட ஊரில், இப்போது அவனுடைய சிலையும் மணிமண்டபமும் இருக்கின்றன. நம்முடைய மனத்தைக் கவர்ந்தவை அவை அல்ல. சிலை வருவதற்கு முன்னால், அவ்வழியே போகிறவர்கள் ஆளுக்கு ஒரு கல்லை எடுத்து அந்த இடத்தில் போட்டு வணங்கிவிட்டுப் போவார்களாம். போட்டுப் போட்டு அது ஒரு கற்குவியலாகவே வளர்ந்துவிட்டதாம். டீக்கடையில் இருந்தவர்கள் சொன்னார்கள். வண்டிக்காரனும், சந்தைக்குப் போகிற கிழவியும், எழுதப் படிக்கத் தெரியாத ஆட்டிடையனும் போட்ட கற்கள்! பதிவேட்டில் அடித்த பெயரை, அவர்கள் சாலையோரத்தில் எழுதி வைத்தார்கள். நாட்டுப்புறத்தில் அவன் கதையைப் பாட்டாகவும் கும்மியாகவும் பாடி வந்தவர்களும் அவர்களே.

சாலையில் கிடந்த ஒரு சிறு கல்லைக் கையில் எடுத்தோம். குவியல் இல்லாத இடத்தில் எங்கே போடுவது? வேஷ்டி மடிப்பில் முடிந்துகொண்டு பஸ் ஏறினோம். மக்ரூன் பொட்டலமும் மறவாமல் கூட வந்தது.

பள்ளிக்கூடம் திறந்ததும் அந்த மாணவியைத் தேடிப் போனோம். பதினோராம் வகுப்பில் இருந்தாள்.

"உன்னுடைய கேள்விக்குப் பதில் கொண்டு வந்திருக்கிறோம். போர்க்களத்தில் ஜெயித்தவனுக்கு மறைக்க ஒன்றுமில்லை, அம்மா. கையில் அகப்பட்டவனைக் கொன்றவனுக்கு உண்டு. அவன் செய்தது வெற்றியோடு சேராது என்பது அவனுக்கே தெரியும். அதனால்தான் பெயரை அழிக்கிறான்" என்றோம்.

அவள் சற்று நேரம் யோசித்தாள். "ஆனால் அழியவில்லையே, சார்!" என்றாள்.

நாம் மேஜைமேல் அந்தக் கல்லை வைத்தோம். அவள் அதை எடுத்துக்கொண்டு போய், வகுப்பு ஜன்னலோரத்தில் வைத்தாள். மறுநாள் பார்த்தபோது அதன் பக்கத்தில் வேறு யாரோ இன்னொரு கல்லை வைத்திருந்தார்கள்.